14 அடி லாரிக்கு 12 இஞ்ச் இடி

மாப்ள, லாரியில சப்வூஃபர் வைக்கப் போறியாமே? ரொம்பச் சந்தோஷம். நம்ம வம்சத்துல இதுவரைக்கும் யாரும் அதிர்ந்து பேசுனதில்ல, வண்டியாச்சும் அதிரட்டும். 12 இஞ்ச் பெட்டி, 1000 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர், போதாததுக்கு நீலக் கலர் லைட்டு. தேக்காவுல உன் கூட்டாளி வந்து சொன்னப்பவே என் நெஞ்சு ரெண்டு அடி கூடுதலா அடிச்சுது.

வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். வேணாம்னு சொன்ன எதையாச்சும் நீ விட்டிருந்தாத்தானே சொல்லலாம். செய்யறதுன்னு ஆயிப்போச்சு, ஒழுங்காச் செய்யி. அதுக்குத்தான் மாமன் நாலு வார்த்தை சொல்றேன். கேட்டுட்டு, வழக்கம்போல உன் இஷ்டத்துக்கே செய்யி.

மொதல்ல ஒரு சந்தேகம். அது யாரு லாரி? ஊர்ல உங்கப்பா டீக்கடையில உக்காந்து, ‘எம்மவன் சிங்கப்பூர்ல லாரி வச்சிருக்கான்’னு சொல்லிக்கிட்டு இருக்காரு. கதவுல கம்பெனி பேரு எழுதியிருக்கறத அவரு வந்து பாக்கவா போறாரு? வண்டி வச்சுக்கற உரிமத்துக்கு, அதான் சிஓஇ, காசு கட்டுனது மொதலாளி தவுக்கே. இன்சூரன்ஸ் அவரோடது. ரோடு டாக்ஸ் அவரோடது. டீசல்கூட அவரோடது. உன்னோடதுன்னு அந்த வண்டியில இருக்கறது டேஷ்போர்டு மேல ஒட்டுன முருகன் படமும் ஒரு துண்டும். இப்ப அதுல மூணாவதா ஒன்னு சேரப் போகுது. பின்னால வட்டத்துக்குள்ள 60-ன்னு ஒட்டியிருக்கு, அதுக்கு மேல ஓட்டக்கூடாது. வண்டியாலதான் வேகமாப் போக முடியல, பாட்டாச்சும் போகட்டும்னு நெனச்சிருப்ப. புரியுது.

கம்பெனி ஸ்டீரியோவுல பேஸே இல்லேங்குற. நியாயந்தான். கதவுக்குள்ள இருக்கறது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காகித ஸ்பீக்கர். ரேடியோ முகப்புல என்ன எண்ணு அச்சடிச்சிருந்தாலும், உள்ள இருக்கற சிப்பு ஒரு ஸ்பீக்கருக்கு 15, 20 வாட்ஸ் சுத்தமாக் குடுத்தா அதுவே பெரிய விஷயம். காலங்காத்தால ஒலி 96.8-ல பாட்டு போடுறப்ப பாடுறவர் குரல் வருது, வயலின் வருது. தவில்ல வலந்தலைகூட வருது. கீழ்ச்சத்தம் போடுற தொப்பிப் பக்கம் மட்டும் வர மாட்டேங்குது. ஒத்துக்கறேன்.

ஆனா ஒன்னக் கவனிச்சியா? உன் லாரியில ஏற்கெனவே ஒரு சப்வூஃபர் ஓடிக்கிட்டு இருக்கு, சீட்டுக்கு நேர் கீழ. நாலு சிலிண்டர் டீசல் இஞ்சின், மிதிக்காம நிக்கறப்ப நிமிஷத்துக்கு ஏறக்குறைய 750 சுத்து சுத்தும். ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின்ல ஒரு சுத்துக்கு ரெண்டு சிலிண்டர் வெடிக்கும். கணக்குப் போடு: நொடிக்கு 25 வெடி, 25 ஹெர்ட்ஸ். நீ வாங்கப் போற பெட்டி அந்த ஆழத்துக்கு இறங்குமாங்கறதே சந்தேகம். ஓடுற வண்டியில இஞ்சினும் டயரும் போடுற இரைச்சல்ல கீழ்ச்சத்தந்தான் ஜாஸ்தி. பாட்டுல இருக்கற பேஸை அதுதான் முழுங்குது. அதனால ஸ்டீரியோவ மட்டும் திட்டாத, பாதிப் பழி இஞ்சினுக்கு.

நம்ம ஊரு அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தென்னமரத்துல கட்டுற குழாய் ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கா? அதுல பேஸுன்னு ஒன்னு கிடையவே கிடையாது. இருந்தும் நாலு ஊருக்கு ஒரு வரி விடாமக் கேட்டுச்சு. எழுத்து தெரியாத கெழவிங்க முழுப்பாட்டையும் மனப்பாடமாச் சொன்னாங்க. இப்ப உன் கூட்டாளி கார்ல ஏறி உக்காந்தா பல்லு ஆடுது. என்ன பாட்டுடான்னு கேட்டா அவனுக்கே தெரியல.

இந்தச் சிங்கப்பூர்ல சத்தம் அளந்துதான் கிடைக்கும் மாப்ள. தைப்பூசத்துக்குச் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் காவடி போகுதுல்ல, அந்த ரோட்டுல மேளதாளத்துக்கு 1973-லேர்ந்து தடை. 2016-லதான் வழியில மூணு இடத்துல நேரடியா வாசிக்க வழி விட்டாங்க. முருகனே 40 வருஷத்துக்கு மேல பொறுத்திருந்து வாங்குன சத்தம் அது. நீ அதே ரோட்டுல சிக்னல்ல நின்னுக்கிட்டு, ஒரு பட்டனை அமுக்கி வாங்கிடலாம்னு பாக்குற.

சரி, வாங்கறதுன்னா எங்க வாங்குவ? திருட்டுச் சந்தைன்னு பேரெடுத்த சுங்கை ரோடு சந்தை இருந்திருந்தா உன்ன நானே கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். அத 2017 ஜூலையில மூடிட்டாங்க. இப்ப ஜாலான் புசார் முனையில சிம் லிம் டவர் இருக்கு. வயரு, ஃபியூஸு, கனெக்டரு, ஸ்பீக்கருன்னு சில்லறைச் சாமான் எல்லாம் அங்க கிடைக்கும். பக்கத்துலயே சிம் லிம் ஸ்கொயர்னு ஒன்னு இருக்கு, அது கம்ப்யூட்டரும் போனும் விக்கிற இடம். பேரப் பாத்து ஏமாந்து, சப்வூஃபர் வாங்கப் போனவன் லேப்டாப்போட வந்து நிக்காத. மாட்டற வேலைக்கு ஊபி, காக்கி புக்கிட் பக்கம் கார் ஆடியோக் கடைங்க இருக்கு. ஆனா அங்க இருக்கற கையெல்லாம் கார்ல பழகுன கை. லாரின்னு மொதல்ல சொல்லு, எத்தன வோல்ட்டுன்னும் சொல்லு. அப்புறம் விலை கேளு.

எத்தன வோல்ட்டு? முழிக்கிற பாத்தியா. 10 அடி சின்ன லாரிங்க பெரும்பாலும் 12 வோல்ட்டு. உன் 14 அடி வண்டிக்கு பேட்டரிப் பெட்டி மூடியத் தொறந்து பாரு. ரெண்டு பேட்டரி இருந்து, ஒன்னோட பிளஸ்லேர்ந்து இன்னொன்னோட மைனஸுக்கு ஒரு தடிச்ச கேபிள் போச்சுன்னா அது 24 வோல்ட்டு. இஞ்சின் ஓடுறப்ப 28 வரைக்கும் ஏறும். கடையில அடுக்கி வச்சிருக்கற ஆம்ப்ளிஃபயர் எல்லாம் காருக்குன்னு செஞ்ச 12 வோல்ட்டு. நேரா இதுலேர்ந்து அதுக்குக் குடுத்தேன்னா, வாழ்நாள்ல ஒரே ஒரு தடவ பேஸ் வரும், புகையோட.

உடனே ஒரு புத்திசாலி வருவான். ‘அண்ணே, ரெண்டு பேட்டரி இருக்குல்ல, ஒன்னுலேர்ந்து மட்டும் 12 எடுத்துக்குவோம், செலவே இல்ல’ம்பான். அவன நம்பாத. நாம கத்திரிக்காயும் முருங்கக்காயும் வாங்குற பஃபலோ ரோட்டச் சுத்தித்தான் ஒரு காலத்துல மாட்டு வியாபாரம் நடந்துச்சு. அன்னிக்கு அங்க நின்ன எந்த வண்டிக்காரனக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்: ஜோடி மாட்டுல ஒன்ன மட்டும் ராத்திரி பூரா தனியா ஏர்ல ஓட்டிட்டு, விடிஞ்சதும் ரெண்டையும் ஒரே நுகத்தடியில பூட்டக்கூடாதுன்னு. பேட்டரிக்கும் அதே நியாயந்தான். நீ கரண்ட் எடுத்த பேட்டரி பாதி காலியா நிக்கும். ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது, ரெண்டுக்கும் சேத்து 28-ன்னு கணக்கு வச்சு ஊட்டும். காலியானது நிரம்பாது, நிரம்புனது கொதிச்சுத் தண்ணி வத்தும். கொஞ்ச நாள்ல ரெண்டும் படுத்துரும். அப்புறம் ஒரு நாள் காலையில அஞ்சு மணிக்கு டார்மிட்டரி வாசல்ல சாவியத் திருகுவ, ‘டிக்’னு ஒரு சத்தம் வரும். அன்னிக்கு அவ்வளவுதான் உன் கச்சேரி.

அதுக்கு மருந்து, 24-லேர்ந்து 12-க்கு இறக்குற கன்வெர்ட்டர். அத வாங்கிக்க. உன் 1000 வாட்ஸ் கத முடியறதும் அங்கதான். 20 ஆம்பியர் கன்வெர்ட்டர்னு ஒன்னு வாங்குற, அது 13.8 வோல்ட்டு குடுக்குதுன்னு வச்சுக்க. பெருக்குனா 276 வாட்ஸ். அதுல நாலுல ஒரு பங்க ஆம்ப்ளிஃபயர் சூடாக்கித் தின்னுட்டு மிச்சத்தத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஏறக்குறைய 200 வாட்ஸ். அட்டப்பெட்டி மேல 1000-ன்னு அச்சடிச்சவனுக்கு மை செலவுதான், கரண்ட் செலவு இல்ல. ‘மேக்ஸ்’னு பெருசா போட்டிருக்கறதப் பாக்காத. ‘ஆர்எம்எஸ்’னு சின்ன எழுத்துல எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கும், அதத் தேடு.

மாமன் கணக்கு தப்பு, நான் 1000-தான் கேப்பேன்னு திருகுனேன்னு வையி. கன்வெர்ட்டர் தன்னக் காப்பாத்திக்க அணைஞ்சுக்கும். எப்ப அணையும்? கரண்ட் அதிகமா இழுக்கறப்ப. எப்ப அதிகமா இழுக்கும்? அடி விழறப்ப. ஆக, பாட்டு பூரா வரும். நீ காசு குடுத்து வாங்குன அடி மட்டும் வராது.

அவ்வளவு எதுக்குங்கறேன்? 40 ஹெர்ட்ஸ் சத்தத்துல ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம். உன் கேபின அகலவாக்குல அளந்தாலும் ரெண்டு மீட்டர் இருக்குமா? அவ்வளவு நீள அலைய இவ்வளவு சின்ன எடத்துல அடைச்சா, கீழ்ச்சத்தம் தானா ஏறிக்கும். திடல்ல கச்சேரி வைக்கறவங்க 18 இஞ்ச் ஸ்பீக்கர அடுக்கறது திடலுக்காக. உனக்குச் சீட்டுக்கு அடியில நுழையற 8 இஞ்ச் ஒல்லிப் பெட்டி போதும். ஆம்ப்ளிஃபயரும் அதுக்குள்ளயே இருக்கும். 100, 150 வாட்ஸ் இருந்தா உனக்குத் தொப்பிச் சத்தம் தொடை வரைக்கும் வரும்.

மாட்டறப்ப பக்கத்துலயே நில்லு, போன நோண்டாத. பேட்டரியிலேர்ந்து கிளம்புற வயருல ரெண்டு ஜாணுக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். ஃபியூஸு பெட்டியக் காப்பாத்தறதுக்கு இல்ல, வயரக் காப்பாத்தறதுக்கு. வழியில எங்கயாச்சும் இரும்புல உரசித் தோலு உரிஞ்சா, ஃபியூஸ் இல்லாத வயரு பூராவும் பழுத்துரும். எர்த்து வயர பெயின்ட்டு மேலயே முறுக்கிட்டுப் போவான், விடாத. பெயின்ட்டச் சொரண்டி, வெறும் இரும்பு தெரிஞ்சப்புறம் முறுக்கச் சொல்லு. கம்பெனி ஸ்டீரியோவுல ஆம்ப்ளிஃபயருக்குன்னு தனி வாய் பெரும்பாலும் இருக்காது, ஸ்பீக்கர் வயருலேர்ந்துதான் சிக்னல் எடுக்கணும். அதனால ஹை-லெவல் இன்புட் உள்ள பெட்டியாப் பாத்து வாங்கு. அந்த ஸ்பீக்கர் வயரு ரெண்டுல எதையும் பாடியில தொட விடாத, ஸ்டீரியோ சிப்பு போயிரும். கரண்ட் வயரு ஒரு பக்கம் போகட்டும், சிக்னல் வயரு இன்னொரு பக்கம் வரட்டும். ரெண்டையும் சேத்துக் கட்டுனா, நீ ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க பாடகர் கூட ‘ஙொய்’னு இன்னொருத்தனும் பாடுவான். ரிமோட் வயர, சாவி போட்டாத்தான் கரண்ட் வர்ற எடத்துல குடு. இல்லாட்டி ராத்திரி பூரா பெட்டி முழிச்சிருக்கும், காலையில பேட்டரி தூங்கும்.

கார்ல பழகுன கைக்குத் தோணாத ஒன்னு இருக்கு. உன் வண்டியில இஞ்சினப் பாக்கணும்னா மெக்கானிக் கேபினையே முன்னால கவுப்பான். பேட்டரி இருக்கறது சேசிஸ்ல, பெட்டி இருக்கறது கேபின்ல. நடுவுல போற வயர இழுத்துப் பிடிச்சுக் கட்டியிருந்தா, கேபினக் கவுக்கற அன்னிக்கு அத்துரும். கம்பெனி வயரு எந்த வழியாப் போகுதோ அதே வழியா, அதே அளவு தொங்கல் விட்டுக் கொண்டு போகச் சொல்லு. பெட்டியையும் பட்டை போட்டுத் தரையோட இறுக்கு. சும்மா வச்சேன்னா, கேபின் கவுந்ததும் முன் கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு உனக்கு முன்னால அது ஊருக்குக் கிளம்பிரும்.

கடைசியா கெயின். அது வால்யூம் இல்ல. ஸ்டீரியோவுலேர்ந்து வர்ற சிக்னலுக்கு ஏத்தபடி ஒரு தடவ வச்சுட்டு மறந்துடற அளவு அது. முழுக்கத் திருகுனா சத்தம் கூடாது, கிழியும். கீழ்ச்சத்தத்த மட்டும் உள்ள விடற லோ-பாஸ் 80 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தாப் போதும். அதுக்கு மேல விட்டா பாடறவரு தொண்டையையும் பெட்டி கையில எடுத்துக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நீ எப்ப இதக் கேக்கப் போற? ஆளுங்க வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் கேட்டுக்கு வெளிய காத்துக்கிட்டு நிப்பியே, அப்பத்தானே? இந்த ஊருல வண்டிய நிறுத்திட்டு இஞ்சின ஓட விட்டா அபராதம். இஞ்சின அணைச்சுட்டுக் கேட்டா பேட்டரி கரையும். ஆக, அடிச்சு வாசிக்க உனக்கு மிச்சம் இருக்கறது வண்டி ஓடுற நேரம் மட்டுந்தான். ஓடுற நேரத்துல உனக்குப் பின்னால யாரு இருக்கா?

காலையில போறப்பப் பாதிப் பேரு தூக்கத்துல. சாயங்காலம் வர்றப்ப மொத்தப் பேரும் தூக்கத்துல. கால மடக்கி உக்காந்து, ஹெல்மெட்ட மடியில வச்சுக்கிட்டு, முன்வரிசையில இருக்கறவன் தலையக் கேபின் சுவத்துல சாச்சிருப்பான். சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு மாப்ள. மேல்ச்சத்தம் தகரத்துல பட்டா பெரும்பாலும் திரும்பிரும். கீழ்ச்சத்தம் தகரத்தையே ஆட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிரும். குரலு, வயலினு, பாட்டோட வரி எல்லாம் உன்கூடக் கேபினுக்குள்ள நிக்கும். ‘திம் திம்’ மட்டும் அவன் மண்டைக்குள்ள இறங்கும். பாட்டு உனக்கு, இடி அவனுக்கு. நாள் பூரா பைலிங் கேட்ட காது அது. சைட்டுல 8 மணி நேரத்துக்கு 85 டெசிபலத் தாண்டுனா கம்பெனி அதக் கவனிக்கணும்னு சட்டம் இருக்கு, காதுக்கு அடைப்பு குடுக்கறாங்க. உன் லாரியில ஏறுறப்ப அதக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுத்தான் ஏறுறான், பாவம், அமைதின்னு நம்பி.

2023 ஜனவரியிலேர்ந்து இன்னொரு விதி. ஆளேத்திப் போற லாரியில டிரைவர் கண்ணசராமப் பாத்துக்க ஒரு துணையாள் இருக்கணும். அந்தத் துணையாள் கால் வைக்கற எடத்துலதான் நீ 12 இஞ்சுக்கு அளவெடுத்து வச்சிருக்க. அவன் கால எங்க வைப்பான், உன் தோள்மேலயா?

அதவிடப் பெருசு ஒன்னு. பின்னால யாருக்காச்சும் மயக்கம் வந்தா, கதவுக் கொக்கி கழண்டுக்கிட்டா, மழைக்கு இறக்குன படுதா பிச்சுக்கிட்டா, உனக்கு எப்படிச் சொல்லுவாங்க? கேபின் சுவத்துல ரெண்டு தட்டு. அவ்வளவுதான் ஏற்பாடு. நீயும் ஒரு காலத்துல பின்னால உக்காந்து தட்டுன ஆளுதானே. டிரைவருக்குக் கேக்கலேன்னு எத்தன கெட்ட வார்த்தை சொல்லியிருப்ப? தகரத்துல தட்டுனா ‘திம்’முன்னு கேக்கும். உன் பெட்டி போடறதும் ‘திம்’முதான். எது தட்டு, எது தாளம்னு எப்படிடா பிரிப்ப?

அதனால மாமன் வரிசை இது. மொதல்ல தவுக்கேகிட்டச் சொல்லிட்டு வயருல கை வை. அப்புறம், பெட்டி வாங்கறதுக்கு முன்னாடி, கேபின் தரைக்கும் கதவுக்கும் பின்சுவத்துக்கும் சத்தத்த அடக்குற ரப்பர் ஷீட்டு ஒட்டு. இஞ்சின் இரைச்சல் குறைஞ்சாலே உன் பழைய ஸ்டீரியோ பாதி திருந்திரும். மூணாவதா கதவு ஸ்பீக்கர மாத்து. அதுக்கப்புறமும் தவில்ல தொப்பி வரலேன்னு உனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா, சீட்டுக்கு அடியில 8 இஞ்ச் பெட்டி. மிஞ்சுற வெள்ளிய ஊருக்கு அனுப்பு. சிங்கப்பூர்ல லாரி வச்சிருக்கற மவன் அனுப்புனதுன்னு உங்கப்பா டீக்கடையில சொல்லிக்கட்டும்.

மாட்டி முடிச்சு அடுத்த தடவ துவாஸ் போறப்ப, பின்னால இருக்கறவங்கள்ல ஒருத்தன நடுநடுவுல சுவத்துல தட்டச் சொல்லு. நீ வால்யூம ஒவ்வொரு எண்ணா ஏத்திக்கிட்டே வா. எந்த எண்ணுல தட்டு கேக்காமப் போகுதோ, அதுக்கு ரெண்டு எண்ணு கீழ உன் எல்லை. அதத் தாண்டாத. அதுக்கப்புறம் எப்பத் தட்டு கேட்டாலும் ஓரங்கட்டி இறங்கிப் போயி என்னான்னு கேளு. பெரும்பாலும் ஒன்னும் இருக்காது, பாட்ட மாத்தச் சொல்லித்தான் தட்டியிருப்பான். மாத்திரு. 20 பேருகிட்ட ஓட்டெடுத்தா உன் ரசனைக்கு டெபாசிட்டே கிடைக்காது.